14.1 சதவீதத்தை எதனோடு ஒப்பிடுவது?

அளவுகோல்:
தென்னாப்பிரிக்காவில் மாற்றுத்திறனாளிகளிடையே எச்.ஐ.வி. தொற்று 14.1 சதவீதம் என்றும், பொதுமக்களிடையே 10.9 சதவீதம்தான் என்றும், ஆகவே மாற்றுத்திறனாளிகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் நெய்தல் அவர்கள் நேற்றைய பதிவில் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு எண்களும் 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் உள்ளவைதான். ஆனால் 10.9 என்பது இரண்டு வயதுக் குழந்தை முதற்கொண்டு எல்லாரையும் சேர்த்த கணக்கு. 15 முதல் 49 வயது வரையிலானோரை மட்டும் எடுத்தால் அதே கணக்கெடுப்பு 16.9 என்கிறது. 14.1 பெரியதா, 16.9 பெரியதா என்பதை அவரே சொல்லட்டும்.

நெய்தல்:
16.9 என்ற எண்ணில் ஐம்பதைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை என்பதை அளவுகோல் ஐயா வசதியாக விட்டுவிட்டார். கண்ணும் காதும் காலும் தளர்வது வயதோடு கூடுகிறது. மாற்றுத்திறனாளிகள் கணக்கில் முதியோர் நிறையவே வருவார்கள், முதியோரிடையே தொற்று குறைவு. அவர்களைச் சேர்த்த பிறகும் 14.1 வருகிறதென்றால் கவலைப்பட வேண்டியது யார்? நான் எழுதியதில் பெரும்பகுதி, காதுகேளாத ஒருவர் தன் பரிசோதனை முடிவைக்கூடத் துணைக்கு வந்த உறவினர் வாய்வழியாகவே அறிய நேரும் அவலத்தைப் பற்றியது. அதைப் படித்ததாகவே தெரியவில்லை.

தாழம்பூ:
இருவரும் சற்றுப் பொறுங்கள். அந்தக் கணக்கெடுப்பில் ‘மாற்றுத்திறனாளி’ என்று யாரை எண்ணினார்கள்? தனக்குக் குறைபாடு உண்டு என்று தானே சொன்னவரையா, அல்லது பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற்கொள்ளல், தன்னைத்தான் பராமரித்தல், பேசிப் புரியவைத்தல் என்று, குறைபாட்டைக் கணக்கெடுக்க வாஷிங்டன் குழு என்ற பன்னாட்டுப் புள்ளியியல் குழு வகுத்த ஆறு கேள்விகளில் சிரமம் உண்டு என்றவரையா? இது தெரியாமல் இந்த எண்ணை வைத்துச் சண்டையிட்டு என்ன பயன்?

அளவுகோல்:
தாழம்பூ அவர்களின் ஐயத்துக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 16.9க்கு என்ன பதில்? போட்ஸ்வானா பற்றிய விவாதத்திலும் நெய்தல் இப்படித்தான் எண்ணில் தொடங்கி, எண் கைவிட்டதும் கண்ணீருக்குத் தாவினார். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் பாருங்கள்: மாற்றுத்திறனாளிகளிடையே 16.7, 15 முதல் 49 வயதினரிடையே 18.8. மீண்டும் அதே கதை. முப்பது ஆண்டுகள் புள்ளிவிவரத்தோடு வாழ்ந்தவனிடம் இந்த வித்தை பலிக்காது.

நெய்தல்:
போட்ஸ்வானாவில் யார் பின்வாங்கினார்கள் என்பதைப் பழைய இழையைப் படித்தவர்கள் அறிவார்கள். புள்ளிவிவரத்தோடு வாழ்ந்தவருக்குக் கேமரூன் ஆய்வு கண்ணில் படாதது வியப்புதான். அந்நாட்டுத் தலைநகர் யாவுண்டேயில் 807 மாற்றுத்திறனாளிகளையும், வயதும் பாலினமும் வசிப்பிடமும் ஒத்த 807 பேரையும் நிறுத்தி ஒப்பிட்டார்கள். முதல் பிரிவில் 6.8 சதவீதம், இரண்டாம் பிரிவில் 3.9. ‘லான்செட் எச்.ஐ.வி.’ இதழில் 2017இல் வெளிவந்தது. குழந்தைகளைச் சேர்த்துவிட்டேன் என்று இங்கேயும் சொல்வீர்களா?

அளவுகோல்:
யாவுண்டே தென்னாப்பிரிக்காவின் டர்பன் அல்ல. நான் தென்னாப்பிரிக்காவைக் கேட்டால் நீங்கள் கேமரூனைக் காட்டுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகும். 16.9 என்ற எண் உங்கள் பதிவில் ஏன் இடம்பெறவில்லை என்று நான்காவது முறையாகக் கேட்க நேர்ந்தாலும் எனக்குச் சலிப்பில்லை.

தாழம்பூ:
இன்னொன்றும் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குன்றியபின் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் பார்வை போனவர்கள், எச்.ஐ.வி.க்கு முன்பு கொடுத்த ஸ்டாவுடின் மருந்தால் கால் நரம்பு கெட்டவர்கள், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கானமைசின் ஊசி போட்டுக் காது போனவர்கள் ஆகியோர் எச்.ஐ.வி. வந்த பிறகு மாற்றுத்திறனாளி ஆனவர்கள். ஒரே நாளில் எடுக்கும் கணக்கெடுப்பு, எது முன்னே வந்தது என்று சொல்லாது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஜில் ஹனாஸ்-ஹான்காக் போன்ற ஆய்வாளர்கள் இந்த இருவழித் தொடர்பைத்தான் பல்லாண்டுகளாக வலியுறுத்துகிறார்கள்.

அளவுகோல்:
பார்த்தீர்களா, தாழம்பூவே என் பக்கம் வந்துவிட்டார். அந்த 14.1க்குள்ளேயே தொற்றால் குறைபாடு அடைந்தவர்கள் கலந்திருக்கிறார்கள். அவர்களை நீக்கினால் எண் இன்னும் இறங்கும்; 16.9 அப்படியே நிற்கும்.

தாழம்பூ:
நான் யார் பக்கமும் வரவில்லை. என் முதல் கேள்விக்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கருவேலன்:
இவ்வளவு நேரம் படித்துவிட்டு எழுதுகிறேன். எச்.ஐ.வி.யும் ஒரு மாற்றுத்திறனே என்று ஏற்றுக்கொண்டால் சண்டையே இல்லை. தென்னாப்பிரிக்காவில் சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கியவர்களுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கொடுத்தார்கள்; எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து சாப்பிட்டு உடல் தேறியதும் அதை நிறுத்தினார்கள். வேலையில்லாத வீட்டில் அந்தத் தொகைதான் அரிசி, பருப்பு. தேறினால் பட்டினி என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளிய அரசைக் கேட்காமல் தசமப் புள்ளிகளைக் கேட்கிறீர்கள்.

நெய்தல்:
கருவேலன் சொல்வது உருக்கமானது, ஆனால் ஆபத்தானது. எச்.ஐ.வி. உள்ள எல்லாரையும் மாற்றுத்திறனாளி என்று சேர்த்துவிட்டால், பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக நாம் கேட்கும் தனி ஏற்பாடு கூட்டத்தில் கரைந்துவிடும். ஆய்வாளர் நோரா குரோஸ் 2004இல் யேல் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்திய ஆய்வில் காட்டியது என்ன? மாற்றுத்திறனாளிகளுக்கு உடலுறவு வாழ்க்கையே இல்லை என்று தீர்மானித்து, தடுப்புத் திட்டங்கள் இவர்களை ஒதுக்கிவைத்தன என்பதைத்தான்.

கருவேலன்:
ஆக, என் ஆட்களுக்கு உங்கள் வாசலில் இடமில்லை! 2000இல் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவரை விமானப் பணிப்பாளராகச் சேர்க்க மறுத்த வழக்கில், அது அநீதியான பாகுபாடு என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றமே சொன்னதே, அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

தாழம்பூ:
தீர்ப்பை முழுதாகப் படியுங்கள் நண்பரே. பாகுபாடு என்றது உண்மை, எச்.ஐ.வி. ஒரு ஊனமா என்று ஆராயத் தேவையில்லை என்று நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டது.

கருவேலன்:
தொடாமல் விட்டது என்றால் மறுக்கவும் இல்லை என்றுதானே பொருள்? உங்களுக்குச் சாதகமாக இருந்தால் மட்டும் தீர்ப்பு முழுமையாகிவிடும்.

அளவுகோல்:
நீதிமன்றம் எந்தச் சதவீதமும் கூறவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

நெய்தல்:
உங்கள் பணிவை நாங்கள் போட்ஸ்வானாவிலேயே பார்த்துவிட்டோம்.