'சர்கம்வென்ட்': எப்படிச் சொல்வது, எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது?

தம்புசெட்டி_தெரு:
கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் விவரப் படிவம்) போடும் வேலை. டிஜிடிஆர் (வெளிநாட்டு மலிவுச் சரக்குமீது வரும் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பு) நோட்டீஸ்களில் 'ஆன்ட்டி-சர்கம்வென்ஷன்' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. டிக்‌ஷனரியைப் புரட்டினால், ஒரு தடையையோ சிக்கலையோ சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போவது என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அவாய்ட், இவேட் எல்லாம் என்ன? உச்சரிப்பிலும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், 'கிர்கம்வென்ட்' என்றுகூடக் காதில் விழுகிறது. இன்னொன்று: பேக்கிங் லிஸ்ட்டில் இருந்த தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்று டிபார்ட்மெண்டுக்கு லெட்டர் எழுத வேண்டும். 'வி ஹாவ் சர்கம்வென்டட் தி ப்ராப்ளம்' என்று எழுதினால் கெத்தாக இருக்குமா?

மிண்ட்_மணிக்கூண்டு:
தம்பி, முதலில் அந்த லெட்டரை அனுப்பாதே. காரணத்தைக் கீழே யாராவது சொல்வார்கள். நான் உச்சரிப்புக்கு வருகிறேன்.

ஸ்பெல்லிங்: சி, ஐ, ஆர், சி, யு, எம், வி, இ, என், டி. இரண்டு 'சி' இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஒலி இல்லை. ஆங்கிலத்தில் ஐ, இ, ஒய் முன்னால் வரும் 'சி' 'ஸ' ஆகும். ஏ, ஓ, யு முன்னால் வந்தால் 'க'. அதனால் முதல் 'சி' 'ஸ', இரண்டாவது 'க'. ஸர்–கம்–வென்ட். 'கிர்' இல்லை, 'சிர்' என்று அழுத்தமான 'ச'வும் இல்லை. அழுத்தம் கடைசி 'வென்ட்'டில் விழ வேண்டும். நம்மாட்கள் முதல் அசையிலேயே முழு மூச்சையும் விட்டுவிட்டுக் கடைசியை விழுங்கிவிடுகிறார்கள்; எதிரில் இருப்பவனுக்கு அது 'சர்க்கம்ஸ்டன்ஸ்' மாதிரி கேட்கும். பெயர்ச்சொல் சர்கம்வென்ஷன், அதிலும் அழுத்தம் 'வென்'னில்தான்.

இனி வேர். லத்தீனில் 'சர்கம்' என்றால் சுற்றி, 'வெனிரே' என்றால் வருதல். 'சர்கம்' உனக்குப் புதிதில்லை, கணக்குப் பாடத்தில் சர்க்கம்ஃபரன்ஸ் என்று சுற்றளவு படித்திருப்பாய். அந்த 'வெனிரே' வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது பார்: ப்ரிவென்ட் என்றால் முன்னால் வந்து மறிப்பது, இன்வென்ட் என்றால் எதிர்ப்பட்டதைக் கண்டெடுப்பது, இவென்ட் என்றால் வெளியே வந்து நிகழ்வது. ஆனால் வென்டிலேட்டரை இந்த வரிசையில் சேர்த்துவிடாதே. அது காற்று என்ற 'வென்டுஸ்'ஸிலிருந்து வந்தது, வேறு குடும்பம்.

15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது எதிரியைச் சூழ்ச்சியாக வளைத்துப் பிடிப்பது என்ற பொருள். பிறகுதான் தடையைச் சுற்றிப் போவது என்று மாறியது. அந்தப் பழைய சூழ்ச்சி வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை.

கொருக்குப்பேட்டை_கேட்:
அவாய்ட், இவேட் வித்தியாசத்துக்கு என் பேரிலேயே உதாரணம் இருக்கிறது. ரயில்வே கேட் போட்டிருக்கிறது, கூட்ஸ் வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

பைக்கைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் நுழைகிறவன் செய்வது வயலேட். அது அப்பட்டமான விதிமீறல், சர்கம்வென்ட் இல்லை. வண்டியைத் திருப்பி வேறு பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறவன்தான் கேட்டை சர்கம்வென்ட் பண்ணுகிறான்: கேட் மூடியேதான் இருக்கிறது, அவன் அதைத் தொடவே இல்லை, ஆனால் கேட்டுக்கு அவன்மேல் வேலை இல்லாமல் போய்விட்டது. வண்டி வரும் நேரம் பார்த்து அந்தப் பக்கமே வராதவன் அவாய்ட். கேட் இருந்த இடத்தில் மேம்பாலமே கட்டிவிட்டால் அது ஆப்வியேட், அதாவது தடைக்கே அவசியம் இல்லாமல் செய்வது.

இவேட் என்றால் ஏய்ப்பு. கொடுக்க வேண்டிய கடமை உன்மேல் விழுந்த பிறகு மறைத்து நழுவுவது. வரி ஏய்ப்பு என்பது டாக்ஸ் இவேஷன், அது குற்றம். வரி தவிர்ப்பு என்பது டாக்ஸ் அவாய்டன்ஸ், அது சட்டத்தின் வரிகளுக்குள் நின்றே வரியைக் குறைத்துக்கொள்வது. சர்கம்வென்ட் இந்த இரண்டாவதுக்குத்தான் கிட்டத்தில் நிற்கும்: விதியின் எழுத்து உடையவில்லை, நோக்கம் மட்டும் காலி.

நம்ம ஊர் 'டபாய்க்கிறது' பொருந்தாது. அது ஆளை ஏமாற்றுவது. சர்கம்வென்ட்டுக்கு இன்றைக்குச் செயப்படுபொருள் பெரும்பாலும் விதி, தடை, சிக்கல், பூட்டு. ஆளை வைத்து எழுதினால் பழங்காலத்து வாசனை அடிக்கும். 'தட்டிக் கழிக்கிறது'ம் இல்லை, அது வேலையைச் செய்யாமல் விடுவது. இங்கே வேலை முடிந்துவிடுகிறது, வழிதான் வேறு.

காசிமேட்டுக்_காத்து:
இதெல்லாம் அரிய சொல்லா? இங்கிலீஷ் பேப்பரில் வாரத்துக்கு இரண்டு தடவை வரும். நிஜமாகவே அரிதாக வேண்டுமென்றால் டெர்ஜிவர்சேட் படியுங்கள். 'டெர்கம்' என்றால் முதுகு. முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டுவது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்புவது, கட்சி மாறுவது, இரண்டுக்கும் வரும். கேட் எப்போது திறக்கும் என்று கேட்டால் 'வண்டி போனா திறக்கும்' என்கிறாரே கேட்கீப்பர், அந்தப் பதில்! ஆனால் லெட்டரில் இதைப் போட்டால் படிக்கிறவர் டிக்‌ஷனரியைத் தேடி எழுந்து போய்விடுவார்.

ஹார்பர்_பின்கோடு1:
லெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சொல் கஸ்டம்ஸில் வெறும் இங்கிலீஷ் இல்லை தம்பி, சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. கஸ்டம்ஸ் டாரிஃப் சட்டம் 1975-இல் 9ஏ(1ஏ) பிரிவைப் பார். ஆன்ட்டி-டம்ப்பிங் டியூட்டி (அடிமாட்டு விலைக்கு இங்கே வந்து இறங்கும் வெளிநாட்டுச் சரக்குக்குப் போடும் கூடுதல் வரி) போட்ட சரக்கின் விவரத்தையோ பெயரையோ சேர்மானத்தையோ மாற்றிக் கொண்டுவருவது, பூட்டாமல் பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவருவது, உற்பத்தியான அல்லது ஏற்றுமதியான நாட்டை மாற்றுவது, இல்லை வேறு எந்த விதத்திலாவது டியூட்டியைப் பல்லில்லாமல் ஆக்குவது, எல்லாம் அங்கே சர்கம்வென்ஷன். அரசு விசாரித்து உறுதி செய்துகொண்டால் அதே டியூட்டியை அந்தப் பாகங்களுக்கும் அந்த இன்னொரு நாட்டுச் சரக்குக்கும் நீட்டலாம்.

பதிப்புரிமைச் சட்டத்திலும் (காப்பிரைட்) இதே சொல் இருக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்த்த 65ஏ பிரிவு: உரிமையை மீறும் எண்ணத்தோடு டிஜிட்டல் பூட்டை சர்கம்வென்ட் பண்ணினால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

ஆகவே 'வி ஹாவ் சர்கம்வென்டட் தி ப்ராப்ளம்' என்று கிளையண்ட் பெயரில் கடிதம் போனால், படிக்கும் ஆபீஸர் கண்ணில் அது ஒப்புதல் வாக்குமூலம். எதைச் சுற்றிப் போனீர்கள் என்று கேட்டு ஒரு பதில் கடிதம் வரும். பேக்கிங் லிஸ்ட்டில் பெட்டி எண்ணிக்கை தப்பு, திருத்தின லிஸ்ட் கையில் இருக்கிறது என்றால் 'ரெக்டிஃபைட்' (சரிசெய்துவிட்டோம்) போதும். பில் ஆஃப் என்ட்ரியையே திருத்த வேண்டும் என்றால் கஸ்டம்ஸ் சட்டம் 149-ஆம் பிரிவின்கீழ் 'அமெண்ட்மெண்ட்' கேள். அந்தச் சொல்லையே எழுது, அதற்கு மாற்றுச் சொல் தேடாதே.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இன்வாய்ஸில் ஒன்று, கண்டெய்னரில் வேறொன்று என்றால் அது மிஸ்டிக்ளரேஷன். 111(எம்) பிரிவில் சரக்கையே பறிமுதல் செய்யலாம். பாகங்கள் என்று எழுதி உள்ளேயும் பாகங்களே இருந்தால் பேப்பரில் பொய் இல்லை. அங்கேதான் சர்கம்வென்ஷன் கேள்வி எழும்.

மிண்ட்_மணிக்கூண்டு:
கம்ப்யூட்டர்க்காரர்கள் எழுதும்போது இவ்வளவு கெட்ட வாடை இருக்காது. மெமரி போதவில்லை, கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து அந்தச் சிக்கலை சர்கம்வென்ட் பண்ணினோம் என்றால் அது பாராட்டுத்தான். சிக்கலைச் சுற்றிப் போனால் திறமை, விதியைச் சுற்றிப் போனால் சந்தேகம். எதைச் சுற்றுகிறாய் என்பதைப் பார்த்து எழுது.

மனதில் நிற்க: டிக்‌ஷனரி வாக்கியத்தைக் காப்பி பண்ணாமல் உன் வேலையிலிருந்தே ஐந்து வாக்கியம் எழுது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பார்க்காமல் திரும்ப எழுதிப் பார். படித்துப் பார்த்தால் தெரிந்த மாதிரி இருக்கும், எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

தம்புசெட்டி_தெரு:
நன்றி அண்ணா. லெட்டரில் 'ரெக்டிஃபைட்' போட்டுவிட்டேன். முதல் வாக்கியம் இது, சரியா பாருங்கள்: 'தி இம்போர்ட்டர் சர்கம்வென்டட் ஃப்ரம் தி டியூட்டி பை பிரிங்கிங் இட் இன் பார்ட்ஸ்.'

கொருக்குப்பேட்டை_கேட்:
'ஃப்ரம்'மைத் தூக்கு. தமிழில் 'டியூட்டியிலிருந்து' என்று யோசித்ததால் வந்தது அது. இந்த வினை நேராகப் பொருளைப் பிடிக்கும், நடுவில் ஒன்றும் வராது. 'அரவுண்ட்' போடுகிறவர்களும் உண்டு. 'சர்கம்'மிலேயே சுற்றி இருக்கிறதே, எதற்கு இரண்டாவது சுற்று?

ஹார்பர்_பின்கோடு1:
அந்த 'இட்' எதைக் குறிக்கிறது பார். உன் வாக்கியத்தில் டியூட்டியையே பாகம் பாகமாகக் கொண்டுவந்திருக்கிறார்! 'தி மெஷின்' என்று போடு. டிஜிடிஆர் விசாரணை முடியாத கேஸ் என்றால் 'சர்கம்வென்டட்' என்று தீர்ப்பும் சொல்லாதே. 'இஸ் அலெஜ்ட் டு ஹாவ் சர்கம்வென்டட் தி டியூட்டி', அதாவது அப்படிச் செய்ததாகக் குற்றச்சாட்டு இருக்கிறது என்று மட்டும் எழுது.