2007 பாக்ஸ்டர் வாங்கலாமா? பெங்களூரில் காரைச் சோதித்துச் சொல்ல ஆள் தேவை

வணக்கம் அண்ணன்மாரே, நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன். பெங்களூரில் ஒரு 2007 போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், மேனுவல் கியர், விலைக்கு வந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் இன்ஜின். போன ஞாயிறு ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

பயமெல்லாம் அந்த இன்ஜினைப் பற்றித்தான். இந்த வரிசையில் இடைத்தண்டு (கிராங்கின் சுழற்சியைக் கேம் தண்டுகளுக்குக் கொண்டுபோகும் தண்டு) பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். 2009 மாடலிலிருந்து வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. இடையில் வந்த 2007-ல் பெரிய பேரிங், பழையதைவிட உறுதியானது என்கிறார்கள். ஆனால் மாற்றணுமென்றால் இன்ஜினையே பிரிக்கணும். சிலிண்டர் சுவரில் கீறல் விழும் கோளாறும் உண்டு. ஆயில் ஃபில்டரை வெட்டி இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்த்து, சிலிண்டருக்குள் கேமரா விட்டுச் சொல்லக்கூடிய மெக்கானிக் பெங்களூரில் யாராவது தெரியுமா? கூலி எவ்வளவானாலும் தருகிறேன். விற்பவருக்கு வேண்டியவராக மட்டும் இருக்கக்கூடாது.

இன்னொன்று, வண்டி கர்நாடகப் பதிவு. 15 வருஷம் தாண்டியதால் அங்கேயே ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு என்ஓசி (அங்குள்ள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) வாங்கி வேலூர் ஆர்டிஓவில் டிஎன் 23-க்கு மாற்றியவர்கள், வரி எவ்வளவு வந்தது, எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள். முன்பு ஒரு புரோக்கரை நம்பி வேறொரு காருக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அதனால்தான் இந்த முறை இவ்வளவு கேட்கிறேன்.

பணத்துக்காக என் ஃபியட் பாலியோ 1.6 காரை விற்கிறேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் பழகிய வண்டி. ஓட்டத் தெரிந்தவர் கைக்குப் போனால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன்.

சனிக்கிழமைக்குள் பாக்ஸ்டரை விற்பவருக்குப் பதில் சொல்லணும்.