சிஆர்என்ஏ (அமெரிக்காவுல மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ்) ஆகணும்னு போனப்போ உங்க மனசுல தங்கிப்போனது எது?

டாலஸ்_அக்கா:
ஐசியூல நாலு வருஷம். அப்ளிகேஷனுக்காக ஒரு சிஆர்என்ஏ அம்மாகிட்ட ஒரு நாள் ஷேடோயிங் (கூட நின்னு வேலையைப் பாக்கிறது) போனேன். பித்தப்பை ஆபரேஷன். மயக்கத்துக்குப் புரோபோஃபால், தசையைத் தளர்த்த ரோக்யூரோனியம் போச்சு, மூச்சு டியூப் இறங்குச்சு. நெஞ்சு ஏறி இறங்குற மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 99. ஆனா வெளிய வர்ற மூச்சுல கார்பன் டை ஆக்சைடைக் காட்டுற கேப்னோகிராஃப் கோடு தரையோட தரையா கிடந்துச்சு. டியூப் மூச்சுக்குழாய்க்குள்ள போகலை. அந்தம்மா ஒரு வார்த்தை பேசலை. டியூபை உருவினாங்க, மாஸ்க்கை வெச்சுப் பையை அமுக்கினாங்க, திரும்பப் போட்டாங்க. கோடு பாக்ஸ் பாக்ஸா எழும்புச்சு. இத்தனைக்கும் சாச்சுரேஷன் 99ஐ விட்டு இறங்கவே இல்ல. நாலு வருஷமா நான் நம்பிட்டிருந்த நம்பர் அது. அந்தப் படுத்த கோடு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மதுரைக்காரி:
எனக்கு சிஆர்என்ஏ சீட்டுக்கான இன்டர்வியூ. "செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால பிரஷர் விழறது), பிரஷர் 70, என்ன போடுவீங்க?" பிரஷரை ஏத்துற நார்எபிநெஃப்ரின்னேன். "ஏன், ஃபினைலெஃப்ரின் வேண்டாமா?" வாயே வரலை. ராத்திரி ராத்திரி நானே ஏத்தி இறக்கின மருந்துக்கா அது! எதிர்ல இருந்தவர் பேனாவை மூடி வெச்சார். ஃபினைலெஃப்ரின் ரத்தக்குழாயை மட்டும் இறுக்கும், நார்எபி இதயத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். பார்க்கிங்ல கார் கதவைத் திறக்கும்போது ஞாபகம் வந்துச்சு. சீட் கிடைக்கலை.

கோவை_தம்பி:
டாலஸ் அக்கா, சாச்சுரேஷனை நம்பக்கூடாதுங்கிற மாதிரி எழுதாதீங்க. புதுசா வர்ற பிள்ளைங்க படிப்பாங்க. முன்னாடியே நல்லா ஆக்சிஜன் கொடுத்திருந்தா அது இறங்கச் சில நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி இப்ப படிக்கிறா. காலைல நாலரைக்குக் கிளம்பினா, கட்டிக்கொடுத்த தயிர்சாதம் மூடி திறக்காம திரும்பி வருது.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. 2022லேருந்து சேர்றவங்களுக்கு டாக்டரேட்தான், மூணு வருஷத்துக்குக் குறையாது. குறைஞ்சது 600 கேஸ், 2000 மணி நேரம் கிளினிக்கல். வேலை பாத்துக்கிட்டே படிச்சிடலாம்னு கணக்குப் போடாதீங்க, உடம்பு தாங்காது. ஐசியூ அனுபவம் ஒரு வருஷம் போதும்னு விதி. சீட் கிடைக்கிறவங்க பெரும்பாலும் அதுக்கு மேல வெச்சிருக்காங்க. சிசிஆர்என் (ஐசியூ நர்ஸுக்கான சான்றிதழ்) பரீட்சையை முதல்ல முடிங்க. விசாவுல இருக்கிறவங்க வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் ராஜினாமா எழுதுங்க. புதுசா வீட்டுக் கடன் எதுவும் இப்போ வேண்டாம்.

டாலஸ்_அக்கா:
தம்பி, நம்பக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. லேட்டா சொல்லும்னுதான் சொல்றேன். ஐசியூல நம்ம பேஷன்ட்டுக்கு நுரையீரல்ல கையிருப்பே கிடையாது, நம்பர் சட்டுனு விழும், நாமளும் ஓடுவோம். அங்கே விழலை. நான் மட்டும் இருந்திருந்தா 99ஐப் பாத்துக்கிட்டே நின்னிருப்பேன்.

மதுரைக்காரி, இந்த வருஷம் மறுபடி போட்டீங்களா?