நேரா நிக்கிற கட்டடம் படத்துல மல்லாக்க சாயுது: உங்க அனுபவம் என்ன?

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். வைடு ஆங்கிள்ல, அதாவது அகலமான காட்சிய அடக்கற லென்ஸ்ல, கட்டடம் எடுக்கிற எல்லாரும் இதுல மாட்டியிருப்பீங்க, கீழ அகலமா ஆரம்பிச்சு மேல போகப்போக ரெண்டு பக்கச் சுவரும் உள்ள நெருங்கி மொத்தக் கட்டடமும் பின்பக்கமா விழப்போற மாதிரி நிக்கும். முதல்ல நான் லென்ஸ்தான் சரியில்லன்னு நினைச்சேன். ஆனா கேமராவுக்குள்ள படத்தப் பதியற சென்சார் சுவருக்கு இணையா இருந்துட்டா 14 எம்எம் மாதிரி ரொம்ப வைடான லென்ஸ் போட்டாலும் குத்துக்கோடு குத்துக்கோடாவே விழும். உச்சி பிரேமுக்குள்ள வரலையேன்னு கேமராவ அண்ணாந்து பாக்க வைக்கிறோம்ல, அப்பதான் சாய்வு வருது. வைடுன்னா கட்டடத்துக்கு ரொம்ப பக்கத்துல போய் நிக்கிறோம், அதனால அண்ணாத்துறதும் அதிகம், அவ்வளவுதான்.

ஒரு ஆர்க்கிடெக்டுக்காக அஞ்சு மாடி ஆபீஸ் கட்டடம் ஒண்ணு எடுத்தேன். கையிலயே வச்சு, 16 எம்எம்ல, நல்லா அண்ணாத்தி எடுத்துட்டேன், லைட்ரூம் சாஃப்ட்வேர்ல சாய்வ நிமிர்த்தற அப்ரைட் இருக்கு, 2013லேர்ந்து எல்லாரும் அதத்தான பண்றாங்க, அங்க பாத்துக்கலாம்னு ஒரு தைரியம். வீட்டுக்கு வந்து வெர்டிகல் பட்டன அழுத்தினா கோடெல்லாம் நேராயிடுச்சு, ஆனா கீழ ரெண்டு மூலையிலயும் ஆப்பு வடிவத்துல வெள்ளை இடம். நேராக்கணும்னா மேல்பகுதிய இழுத்து விரிக்கணும், கீழ்ப்பகுதிய சுருக்கணும், அப்புறம் அந்த வெள்ளைய வெட்டணும். வெட்டினப்போ கட்டடத்தோட ரெண்டு ஓரமும் மேல்மாடியில காலி. சுத்தி கொஞ்சம்கூட இடம் விடாம நெருக்கி எடுத்ததோட விளைவு. சரி இருக்கிறத வச்சு அனுப்புவோம்னு அனுப்பினேன், அவர் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஜன்னல நான் சதுரமா போட்டேன், படத்துல ஏன் நீளமா இருக்கு?"

எனக்கு அது ரொம்ப உறைச்சது. அவர் மாசக்கணக்கா யோசிச்சு வச்ச விகிதத்த நான் ஒரு பட்டன்ல மாத்திட்டேன். நான் போட்டிருந்தது கேமராவுக்குத் தகவல் அனுப்பற மின் காண்டாக்ட் இல்லாத பழைய மேனுவல் லென்ஸ், அதனால ஃபோக்கல் லெங்த் தகவலே, அதாவது அந்த 16 எம்எம்ங்கிற எண்ணே, ஃபைல்ல இல்ல. அந்த எண் தெரியாம சாய்வ நிமிர்த்தினா உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் சரியா வரும்னு நம்ப முடியாது. இப்பல்லாம் நிமிர்த்தினதுக்கு அப்புறம் படத்துல நிச்சயமா சதுரம்னோ வட்டம்னோ தெரிஞ்ச ஒண்ண பிடிச்சுக்கிட்டு உயர அகல விகிதத்த மாத்தற ஆஸ்பெக்ட் ஸ்லைடர அது சரியாகிற வரைக்கும் நகத்துவேன்.

வெட்டுப்பட்ட ஓரத்த ஸ்லைடர் திருப்பித் தராது, அதனால மறுபடி போனேன். இந்தத் தடவ ட்ரைபாட், ரசமட்டம் வச்சு கேமராவ மட்டமா நிறுத்தி, 14 எம்எம்ல செங்குத்து பிரேம். பிரேமோட கீழ்ப்பாதி முழுக்க தரைதான், பாக்கவே மனசு ஒப்பல, ஆனா உச்சி மேல இடம் மிச்சம் வச்சு உள்ள வந்துடுச்சு. கணக்கு சுலபம்: 36க்கு 24 எம்எம் இருக்கிற ஃபுல் பிரேம் சென்சார செங்குத்தா பிடிச்சா நடுவுலேர்ந்து மேல 18 எம்எம். 20 மீட்டர் தள்ளி நின்னு 24 எம்எம் லென்ஸ மட்டமா வச்சா கேமரா மட்டத்துலேர்ந்து 15 மீட்டர் உயரம் வரைக்கும் வரும், 14 எம்எம்னா 25 மீட்டருக்கு மேல. வீட்டுக்கு வந்து கீழ இருக்கிற தரைய வெட்டிட்டேன். கேமராவ அண்ணாத்தாம லென்ஸ மட்டும் மேல நகத்தற ஷிப்ட் லென்ஸ் இருக்கே, அதுல 24 எம்எம் ஒண்ண 12 எம்எம் மேல தூக்கினாலும் அதே 25 மீட்டர்தான் கிடைக்கும். பிக்சல் குறையும் உண்மைதான், ஆனா எதுவும் இழுபடல, ஜன்னல் சதுரமாவே இருந்துச்சு.

கம்ப்யூட்டர்ல செஞ்சே ஆகணும்னா லென்ஸால வர்ற வளைவ சரி பண்ற லென்ஸ் ப்ரொஃபைல முதல்ல போடுங்க. கோடு வளைஞ்சிருக்கும்போது கைடட்ல, அதாவது எது குத்துக்கோடுன்னு நாமளே வரைஞ்சு காட்டற முறையில, எந்தக் கோட்ட வரைஞ்சாலும் அது பொய்க்கோடுதான். ரெண்டு கோட்டையும் பக்கத்துப் பக்கத்துல போடாதீங்க, ஒண்ணு இடது ஓரம், ஒண்ணு வலது ஓரம். அப்புறம் கிட்டத்துல நின்னு எடுத்த உயரக் கட்டடத்த நூத்துக்கு நூறு நிமிர்த்தினா தலை பெருத்து வெளிய பிதுங்கின மாதிரி இருக்கும், கேப்சர் ஒன் சாஃப்ட்வேர்ல சாய்வ நிமிர்த்தற கீஸ்டோன் அளவு தானா 80லயே நிக்கிறது சும்மா இல்ல. எலிவேஷன், அதாவது கட்டட முகப்பு வரைபடம், மாதிரி நேர்முகமா எடுத்த படத்துக்கு முழுசா நிமிர்த்துவேன், மத்ததுக்கு கொஞ்சம் சாய்வு விட்டுடுவேன்.

நீங்க எப்படி சமாளிச்சீங்க?

*

தம்பி, நாங்க இத டார்க்ரூம்லயே பண்ணியிருக்கோம். நெகட்டிவ பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கிற என்லார்ஜர் அடியில பேப்பர் வைக்கிற ஈசல்ல, கட்டடத்தோட அடிப்பாகம் விழற பக்கத்துக்குக் கீழ ரெண்டு மூணு புத்தகம் வச்சுத் தூக்குவோம். லென்ஸுக்குப் பக்கத்துல வர்றது சின்னதாகும், தள்ளி இருக்கிற உச்சி பெருசாகும், சுவர் நேராயிடும். என்லார்ஜர் லென்ஸோட துவாரத்த எஃப் 16க்கு மூடலன்னா ரெண்டு முனையும் ஷார்ப்பா வராது. உச்சிப் பக்கம் வெளிச்சம் கம்மியா விழும், அங்க மட்டும் கூடுதலா சில நொடி காட்டணும். இழுத்தா ஏதாவது ஒண்ணு போகும்னு அப்பவே தெரியும், அதான் நெகட்டிவ்ல இடம் விட்டு எடுக்கப் பழகினோம்.

*

அண்ணே, நான் ஷிப்ட் லென்ஸ் பக்கம். 35 எம்எம் கேமராவுக்கு நிக்கான் 1962லயே ஷிப்ட் லென்ஸ் விட்டுட்டாங்க, கேனன் 17 எம்எம் 2009ல வந்தது. நான் முதல் நாள் பண்ண தப்ப சொல்றேன், லென்ஸ முழுசா தூக்கிட்டு அப்புறம் வெளிச்சம் அளக்கிற மீட்டர் பாத்தேன், எக்ஸ்போஷர் எல்லாமே தப்பு. ஷிப்ட் பண்றதுக்கு முன்னாடியே மீட்டர் பாத்து மேனுவல்ல பூட்டிடணும். எல்லை வரைக்கும் தூக்கினா மேல் மூலை மசமசன்னு ஆகும், எஃப் 8, எஃப் 11னு மூடினா தேறும். அப்புறம் கேமராவுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக் லெவல கண்ண மூடிட்டு நம்பாதீங்க, என்னோடது லேசா தள்ளிக் காட்டும், நான் ஜன்னல் சட்டத்த திரையில தெரியற கிரிட் கோட்டோட ஒட்டி வச்சுத்தான் சரிபாப்பேன்.

*

சாய்வ தானா நிமிர்த்தற ஆட்டோ பட்டன் பத்தி ஒண்ணு சேத்துக்கறேன். மேல போகப்போக நிஜமாவே குறுகுற கட்டடம் இருக்கு, சிகாகோவுல ஹான்காக் சென்டர்னு சொல்ற 100 மாடி கட்டடம் அப்படித்தான். நான் அந்த மாதிரி குறுகலான ஒரு டவர எடுத்து ஆட்டோ போட்டேன், அது சாய்ஞ்ச விளிம்பையே குத்துக்கோடுன்னு எடுத்துக்கிட்டு டவர பெட்டி மாதிரி ஆக்கிடுச்சு. அதுலேர்ந்து கைடட்தான், கோடு போடறது டவர்ல இல்ல, பக்கத்துல இருக்கிற சாதாரண கட்டடத்தோட மூலையில. பைசா கோபுரத்துக்கும் அதே வழிதான், பக்கத்துல இருக்கிற கதீட்ரல நிமிர்த்துங்க, கோபுரம் தன்னோட சுமார் 4 டிகிரி சாய்வோட அப்படியே நிக்கட்டும்.

இன்னொண்ணு, கேமரா மட்டமா இருந்து கோடெல்லாம் நேரா இருந்தாலும் வைடுல பிரேம் ஓரத்துல நிக்கிற ஆள் பக்கவாட்டுல இழுபட்டுதான் தெரிவார். நான் ஆளுங்கள நடுவுக்குக் கொண்டு வந்த அப்புறம்தான் ஷட்டர் அழுத்தறது.