என்விஎம்இ டிரைவருக்குள்ளேயே லிங்க் வேகத்தைக் குறைக்கலாமா?

கடலோரம்06:
வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் சேர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், பாவித்த அலுவலகக் கொம்பியூட்டர் ஒன்று. பெட்டிக்குள் இடம் இல்லாததால் ஸ்லொட்டை வெளியே நீட்டும் ஒரு ரைசர் கேபிள், அதன் நுனியில் ஒரு அடப்டர், அதில் ஜென் 4 (பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் நாலாம் தலைமுறை) என்விஎம்இ டிஸ்க், அதாவது பிசிஐ வழியாக நேராகப் பேசும் எஸ்எஸ்டி.

லொக்கைத் திறந்தால் ஏஇஆர் பிழைகள் (பிசிஐ லிங்கில் நடக்கும் பிழைகளின் அறிக்கை) கொட்டுகின்றன. எல்லாம் 'திருத்தக்கூடியவை' என்ற வகை. ஆனால் வாரத்துக்கு ஒரு தரம் டிஸ்க்கே காணாமல் போய்விடும். அதன் எந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் எல்லாப் பிட்டும் 1, அதாவது டிஸ்க்கிடமிருந்து பதிலே இல்லை. பயோஸில் ஸ்லொட் வேகத்தைக் குறைக்கும் தெரிவு இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

ஆகவே லினக்ஸின் என்விஎம்இ டிரைவரில், டிஸ்க்கைத் தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு வரி எழுதினேன். டிஸ்க்குக்கு மேலே உள்ள போர்ட்டின் லிங்க் கண்ட்ரோல் 2 ரெஜிஸ்டரில் இலக்கு வேகத்தை 16இலிருந்து 8 ஜிடிக்கு (லேன் ஒன்றுக்கு விநாடிக்கு இத்தனை கிகா பரிமாற்றம்; 16 என்றால் ஜென் 4, 8 என்றால் ஜென் 3) இறக்கி, லிங்கை மறுபடி பேசி இணங்க வைப்பதுதான் அதன் வேலை. ஒன்பது நாளாக லொக் சுத்தம். இதை ஒரு மொடியூல் பராமீட்டராக்கி (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் தெரிவு), லினக்ஸின் மையமான கர்னலை எழுதுபவர்களுக்கு அனுப்ப நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

ரிப்பேர்காரன்11:
அனுப்புங்கள். புறக்கோட்டையில் என் மேசைக்கு இதே வியாதியோடு பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. டிஸ்க் விழாமல் இருந்தால் வாடிக்கையாளருக்குப் போதும், வேகம் பாதியாகிவிட்டதே என்று யாரும் அழப் போவதில்லை. ஜென் 4 நாலு லேனில் (தரவு போகும் தடங்கள்) விநாடிக்குச் சுமார் 7.9 ஜிபி, ஜென் 3இல் 3.9. உங்கள் அலுவலக நெட்வேர்க் ஒரு கிகாபிட்தானே? அது முழுமூச்சாக ஓடினாலும் விநாடிக்கு 125 எம்பி. பின்னேரம் ஐந்து மணி நெரிசலில் கொழும்புக் காலி வீதியில் எந்தக் காராக இருந்தால் என்ன?

ஒற்றைப்பிட்:
தம்பி, வேலை செய்கிறது, அதை மறுக்கவில்லை. எழுதிய இடம்தான் பிழை.

லிங்க் என்பது இரண்டு முனை உள்ள சமாசாரம். வேகத்தை நிர்ணயிக்கும் பிட், மறுபடி இணங்கு என்று சொல்லும் பிட், இரண்டும் நீங்கள் சொன்னது போல மேல் போர்ட்டில் இருக்கின்றன. என்விஎம்இ டிரைவருக்குச் சொந்தம் கீழே உள்ள டிஸ்க் மட்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் மெயின் சுவிட்சைத் திருப்புகிற மாதிரித்தான் இது. அந்த நேரத்தில் ஏஎஸ்பிஎம் பகுதியோ (லிங்கின் மின்சேமிப்பு) ஹொட்பிளக் பகுதியோ (ஓடும்போதே கழற்றி மாட்டுவது) அதே போர்ட்டில் கை வைத்திருந்தால் என்ன நடக்கும்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்க உங்கள் பன்னிரண்டு வரியில் ஒரு பூட்டு இருக்கிறதா?

இன்னொன்று. டிரைவர் எழும்பும்போது பயோஸ் ஏற்கனவே 16 ஜிடியில் லிங்கை எழுப்பி முடித்திருக்கும். ஓஎஸ் இந்த டிஸ்க்கிலேயே இருக்கும் ஒருவருக்கு, உங்கள் டிரைவரையே அந்தக் கெட்ட லிங்கின் வழியாகத்தான் வாசித்து எடுக்க வேண்டும்.

கடலோரம்06:
பூட்டு இல்லை அண்ணா. ஓஎஸ் வேறு சாட்டா (பிசிஐக்குப் பதில் பழைய வகை டிஸ்க் இணைப்பு) டிஸ்க்கில் இருக்கிறது, அதனால் இரண்டாவது சிக்கல் எனக்கு வரவில்லை.

ரிப்பேர்காரன்11:
ஒற்றைப்பிட் ஐயா சட்டம் பேசுகிறார். கர்னலில் இதற்கு முன்னுதாரணம் இல்லையா? ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டுக்கான ரேடியோன் டிரைவரில் ஜென் 2 வேகத்தை நிறுத்த ஒரு பராமீட்டர் எத்தனை காலமாக இருக்கிறது! ஏஎம்டிஜிபியுவிலும் ஜென் அளவைக் கட்டுப்படுத்த ஒன்று உண்டு. சாட்டாவில் பிழை கூடினால் யாரும் கேட்காமலே 6இலிருந்து 3, பிறகு 1.5 கிகாபிட் என்று இறங்கி, 'வேகத்தைக் குறைக்கிறேன்' என்று லொக்கில் எழுதிவிட்டுப் போகும். அங்கே செய்யலாம், இங்கே கூடாதா?

ஒற்றைப்பிட்:
சாட்டா உதாரணத்துக்கு நன்றி, அது என் கட்சி. அந்த இறக்கத்தைச் செய்வது லிபாட்டா என்ற பொது அடுக்கு. ஒவ்வொரு சாட்டா டிரைவரும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டதல்ல.

ரேடியோன் வேறு கதை. கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தானே லிங்க் வேகத்தை ஏற்றி இறக்கும். அந்தக் கார்டின் குணம் அதன் டிரைவருக்குத் தெரியும். என்விஎம்இ டிரைவர் உலகத்தில் உள்ள அத்தனை கம்பனி டிஸ்க்குக்கும் பொது. ஒரு குறிப்பிட்ட மாடலில் குறை இருந்தால் அதன் அடையாள எண்ணோடு விதிவிலக்குப் பட்டியலில் போடுவார்கள். இங்கே டிஸ்க் என்ன குற்றம் செய்தது? குற்றம் கேபிளில். கேபிளுக்கு அடையாள எண் கிடையாது.

2025 ஜனவரியில் வந்த 6.13 கர்னலைப் பாருங்கள். பிசிஐ பகுதியிலேயே போர்ட் வேகத்தை மாற்ற ஒரு முறையான வழி சேர்ந்திருக்கிறது, பூட்டோடு. ஒவ்வொரு போர்ட்டும் ஒரு 'குளிர்விக்கும் சாதனமாக' வெளியே தெரியும். அதன் நிலை எண்ணை 1 என்று எழுதினால் உச்ச வேகத்திலிருந்து ஒரு படி இறங்கும். சூட்டைக் குறைக்க வைத்த வழிதான், ஆனால் உங்கள் தேவைக்கு அப்படியே பொருந்துகிறது. டிரைவரைத் தொடவே வேண்டாம்.

கடலோரம்06:
ஓடுவது டெபியன் 13. கர்னல் 6.12. :(

ரிப்பேர்காரன்11:
ஒரு படியில் பஸ்ஸை விட்டாயிற்று.

சமிக்ஞை:
எல்லாரும் எங்கே எழுதுவது என்று சண்டை பிடிக்கிறீர்கள். வியாதி அதுதானா என்று யாரும் கேட்கவில்லையே. கடலோரம், அந்தப் பன்னிரண்டு வரியைப் போட்ட அன்று வேறு எதையும் மாற்றினீர்களா? டிஸ்க் காணாமல் போய் எல்லாப் பிட்டும் 1 என்று வருவதற்கு மின்சேமிப்பு நிலையும் காரணமாகலாம். கர்னலே அந்த இடத்தில் 'உங்கள் டிஸ்க்கின் மின்சேமிப்பில் குறை இருக்கலாம், ஏஎஸ்பிஎம்மை நிறுத்திப் பாருங்கள்' என்று ஒரு வரி அச்சிடும்.

கடலோரம்06:
அக்கா, மாட்டிக்கொண்டேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு ஏஎஸ்பிஎம்மையும் அதே ரீபூட்டில் நிறுத்தினேன்.

ஒற்றைப்பிட்:
ஒன்பது நாள் கதை முடிந்தது.

சமிக்ஞை:
முடியவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். என் ஊகம் கேபிள்தான். ஜென் 3 கேபிளை ஜென் 4இல் போட்டால் சமிக்ஞையின் அடிப்படை அதிர்வெண் 4இலிருந்து 8 கிகாஹேர்ட்ஸுக்கு ஏறுகிறது. கேபிளிலும் இரண்டு கனெக்டரிலும் போகும் இழப்பு அதோடு ஏறும். மறுமுனை தட்டுத்தடுமாறிப் படிக்கும், சிஆர்சி (தரவு சரியா என்று பார்க்கும் சோதனை எண்) பொருந்தாவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லும். 'திருத்தக்கூடியது' என்பதன் அர்த்தம் அதுதான்: தரவு கெடவில்லை, இரண்டாம் தரம் வந்து சேர்ந்தது. அதனால் ஏஇஆர் அறிக்கையை நிறுத்திவிட்டு லொக் சுத்தம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அது காய்ச்சல்மானியை உடைப்பது.

கடலோரம்06:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். ஏஎஸ்பிஎம் நிறுத்தி 16 ஜிடி: பிழைகள் திரும்பி வந்தன, மூன்றாம் நாள் டிஸ்க் விழுந்தது. ஏஎஸ்பிஎம் இயங்க 8 ஜிடி: இதுவரை ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு நாள்தான். ஞாயிறு அலுவலகம் பூட்டியிருந்ததால் ரைசரைக் கழற்றி, மூடியைத் திறந்தபடியே அடப்டரை நேராக ஸ்லொட்டில் குத்தி 16இல் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை.

சமிக்ஞை:
அப்படியென்றால் ரைசர். ஜென் 4க்கு உரியது என்று சொல்லி விற்றார்களா?

கடலோரம்06:
பெட்டியில் 4.0 என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டாராம், 'லைட் பத்துகிறதுதானே' என்கிறார்.

ரிப்பேர்காரன்11:
அந்தப் பதில் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். சரி, நல்ல கேபிள் கைக்கு வரும்வரை அலுவலகம் என்ன செய்வது? வரவுசெலவுக் கணக்கு முடிக்கிற மாதத்தில் டிஸ்க் விழுந்தால் உங்கள் பூட்டும் அடுக்கும் காப்பாற்றுமா ஐயா? அதனால்தான் சொல்கிறேன், வேகக் குறைப்பு தேவை. எங்கே எழுதுகிறோம் என்பது இரண்டாம் பிரச்சினை.

ஒற்றைப்பிட்:
வேகக் குறைப்பு தேவையில்லை என்று நான் எப்போது சொன்னேன்? பராமீட்டரை எல்லார் கர்னலிலும் போடாதே என்றுதான் சொன்னேன். பிசிஐ ரெஜிஸ்டர்களில் எழுதும் செட்பிசிஐ கட்டளையால் அதே இரண்டு பிட்டை போர்ட்டில் எழுதி, டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன்னால் ஓடும் ஒரு சேர்விஸாக வைக்கலாம். இதிலும் பூட்டு இல்லை, இதுவும் அசிங்கம்தான். ஆனால் அசிங்கம் அந்தப் பெட்டியோடு நிற்கும்.

சமிக்ஞை:
ஒற்றைப்பிட் அண்ணா, பொது அடுக்கில் போட்டால் எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. லிங்க் எழும்பாத போர்ட்டை 2.5 ஜிடிக்கு இறக்கி எழுப்பும் ஒரு வழி 2023இல் கர்னலின் பிசிஐ பகுதியில் சேர்ந்தது. ஏஎஸ்மீடியா கம்பனியின் ஒரு பிசிஐ சுவிட்ச் சிப்பில் கண்ட சிக்கலுக்காக எழுதியது. பிறகு, ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் சேர்வர்களில் நல்ல லிங்கும் 2.5இலேயே தேங்குகிறது என்று முறையீடு வந்தது. நல்ல நோக்கத்தோடு இறக்கிய வேகத்தை ஏற்றிவிட ஆள் இருக்க வேண்டும்.

ஒற்றைப்பிட்:
அதை ஒப்புக்கொள்கிறேன். என் பயமும் அதுதான். கடலோரம் நாளைக்கு வேறு வேலைக்குப் போவார். புதுக் கேபிள் போட்ட பிறகும் 8இல் ஓடும். புதிதாக வருபவர் டிஸ்க் பழுது என்று வேறு டிஸ்க் வாங்குவார்.

ரிப்பேர்காரன்11:
அதற்குத்தான் லேபிள் என்று ஒன்று இருக்கிறது.

கடலோரம்06:
பட்ச் (கர்னலுக்கான அந்தத் திருத்தம்) அனுப்பவில்லை. டிரைவரைப் பழையபடி ஆக்கிவிட்டேன், செட்பிசிஐ சேர்விஸ் ஓடுகிறது. லிங்க் 8 ஜிடி, 'குறைக்கப்பட்டது' என்று எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டுகிறது. பெட்டியின் பக்கத்தில் லேபிளும் ஒட்டியாயிற்று: 'ரைசர் மாற்றினால் இந்த சேர்விஸை நிறுத்தவும்', கீழே அதன் பெயர். தமிழில் நான் எழுதினேன், சிங்களத்தில் கணக்குப் பிரிவு அக்கா நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றார்.