அரிய ஆப்பிரிக்க, ஈரானிய கேசட்டுகளை இணையத்தில் ஏற்றுமுன் கவனிக்க வேண்டியவை

நாடாச்சுருள்:
வணக்கம். எத்தியோப்பியா, மாலி, ஈரான் நாடுகளில் 1970, 80களில் வெளியான கேசட்டுகளும் சில 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளும் கையில் இருக்கின்றன. பெரும்பாலானவை மறுபடி வெளியாகவே இல்லை. எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் ஏற்ற விருப்பம். நல்ல டெக் (கேசட் ஓட்டும் கருவி), ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் எல்லாம் தயார். எந்த அளவில் பதிவது, இரைச்சலை நீக்கலாமா, விவரங்களை எப்படி எழுதுவது, உரிமைச் சிக்கல் வருமா? இன்னொன்று: சோதனைக்குப் பதிந்த மாலி கேசட் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாக இருக்கிறது. ட்ரெபிளை ஏற்றினால் ‘ஸ்ஸ்’ என்ற ஹிஸ் இரைச்சல்தான் கூடுகிறது.

ஊசிமுனை:
முதல் சந்தேகம் அசிமத், அதாவது நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணம். கேசட்டைப் பதிந்த இயந்திரத்தின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ, அதே கோணத்தில் உங்கள் ஹெட்டும் நின்றால்தான் மேல் அதிர்வெண்கள் வெளியே வரும். இங்கே இழந்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது, அதனால் பதிவதற்கு முன்பே சரிசெய்யுங்கள்.

ஹெட்டையும் நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டனையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கேசட்டைக் கடைசிவரை ஓட்டி ஒருமுறை திரும்பச் சுற்றினால் நாடா சீராக அமரும். பிறகு பாட்டை மோனோவில் கேட்டுக்கொண்டே, ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகை மிக மெல்லத் திருப்புங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக. ஓசை எங்கே பளிச்சென்று திறக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். காந்தமேறாத ஸ்க்ரூடிரைவர் அவசியம்.

அடுத்து டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறை. உறையில் டால்பி குறி இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த நாடாவை டால்பியோடு ஓட்டினாலும் இதே மந்தம்தான் வரும்.

ஒலி விட்டுவிட்டு வந்தால் நாடாவின் பின்னால் இருக்கும் சிறு அழுத்தப் பஞ்சு உதிர்ந்திருக்கலாம். நாடாவைத் திருகு வைத்த வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றினால் போதும்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட் ஆகும்; 60 நிமிடக் கேசட்டுக்கு 2 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். மூலத்தை ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் வையுங்கள். எம்பி3 கேட்பவர்களுக்கான பிரதி மட்டுமே.

சுருதிபேதம்:
பலர் கவனிக்காதது வேகம். டெக் 3 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி கிட்டத்தட்ட அரைப் பங்கு செமிடோன் (அடுத்தடுத்த இரு ஸ்வரங்களின் இடைவெளி) ஏறிவிடும். 78 தட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆரம்பகாலத் தட்டுகள் பல 78-இல் பதியப்படவே இல்லை. 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் ஏறத்தாழ ஒரு முழு செமிடோன் கூடி, பாடுபவரின் குரலே வேறாகிவிடும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மின்சார நுண்பேசியில் பதிந்த பல பழைய பதிவுகளில் அந்த ஊர் மின்சாரத்தின் ரீங்காரமும் மெல்லப் பதிந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுப் பதிவில் அது ஸ்பெக்ட்ரம் என்ற அதிர்வெண் வரைபடத்தில் 51.5-இல் தெரிந்தால் 3 சதவீதம் வேகம் கூடுதல் என்று அர்த்தம். ‘ஏ’ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு இழுத்துச் சரிசெய்யும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்க நரம்பிசைக் கருவியான கோராவின் சுருதி அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

78 தட்டுக்குச் சுமார் 75 மைக்ரான் ஊசி வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். மோனோ தட்டானாலும் ஸ்டீரியோவில் பதியுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவர்களில் தேய்மானம் குறைந்ததைப் பின்னால் தேர்ந்தெடுக்கலாம். ஷெல்லாக் (அரக்கு) தட்டை ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது, ஷெல்லாக் அதில் கரையும்.

இரைச்சல் நீக்கத்தில் கை அடக்கம் தேவை. பலாஃபோன் என்ற மரக்கட்டை இசைக்கருவியின் சுரைக்குடுவையில் மெல்லிய சவ்வு ஒட்டுவதே அந்த அதிர்வொலிக்காகத்தான். கோராவின் பாலத்தில் சலசலக்கும் உலோகத் தகடு மாட்டுவார்கள். மென்பொருளுக்கு இவை வெறும் இரைச்சல். இசைக்கலைஞருக்கு அவைதான் உயிர். கிளிக்குகளை மட்டும் எடுத்துவிட்டு, கை வைக்காத மூலத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

உறைவாசகன்:
ஒலியைவிட எளிதில் தொலைவது பெயர்கள். ‘ஆப்பிரிக்க நாட்டுப்பாடல், கலைஞர் தெரியவில்லை’ என்று ஏற்றிய கோப்பை அந்தக் கலைஞரின் பிள்ளைகளால்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உறையின் இருபுறம், கேசட்டின் இருபக்க லேபிள், எல்லாவற்றையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அட்டவணை எண், வெளியீட்டாளர், ஊர் விடுபடக் கூடாது. தட்டானால் லேபிளை ஒட்டி வட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணும் வேண்டும். பெயரை மூல எழுத்தில் முதலில் எழுதி, அடுத்து ஒலிபெயர்ப்பைத் தாருங்கள். அம்ஹாரிக், பாரசீகப் பெயர்களுக்கு லத்தீன் எழுத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. தெரிந்தவை அனைத்தையும் சேருங்கள்.

ஆண்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எத்தியோப்பிய நாட்காட்டி 7, 8 ஆண்டுகள் பின்னால் நிற்பது. உறையில் 1967 என்றிருந்து அது அந்நாட்டுக் கணக்கானால், நம் கணக்கில் 1974 செப்டம்பர் முதல் 1975 செப்டம்பர் வரை. ஈரானிய உறையில் 1354 என்றால் 1975-76. எத்தியோப்பியப் பெயரின் இரண்டாம் பகுதி தந்தையின் பெயர், குடும்பப் பெயரல்ல. எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அஹ்மதை ‘மஹ்மூத்’ கீழ்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

நான்காம்தடம்:
உரிமை பற்றிச் சுருக்கமாக: இசையமைப்புக்கு ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. அமெரிக்கச் சட்டப்படி 1923-க்கு முன் வெளியான பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று உரிமையிலிருந்து விடுபட்டன. 1923 முதல் 1946 வரையிலானவற்றுக்கு 100 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியான பதிவுக்கு 70 ஆண்டு, ஆனால் 1962 முடிவுக்குள் வெளியானவை பழைய 50 ஆண்டுக் கணக்கில் முன்பே விடுபட்டவை. ஆக, உங்கள் 70, 80களின் கேசட்டுகளுக்கு உரிமை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடியவர் உயிரோடிருக்கலாம். எத்தியோப்பிய இசைக்கலைஞர் ஹைலு மெர்கியாவின் 1985 கேசட் 2013-இல் முறையான ஒப்பந்தத்தோடு மறுவெளியீடு கண்டது. வாஷிங்டனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர் மறுபடி மேடையேறினார். எனவே முதலில் கலைஞரையோ குடும்பத்தையோ தேடி அனுமதி கேளுங்கள். மறுவெளியீடு விற்பனையில் இருந்தால் கோப்பை ஏற்றாமல் அதன் இணைப்பைக் கொடுங்கள்.

நாடாச்சுருள்:
மிக்க நன்றி. ஸ்பெக்ட்ரமில் சரியாக 50-இல் ஒரு கோடு, 51-ஐ ஒட்டி இன்னொன்று. எதை நம்புவது?

சுருதிபேதம்:
நாடாவை நிறுத்திவிட்டுச் சில விநாடி பதியுங்கள். அப்போதும் நிற்கும் கோடு உங்கள் கருவியுடையது. மறைந்துபோவதுதான் கேசட்டில் இருப்பது. 51 என்றால் 2 சதவீதம் வேகம் கூடுதல்.