புதுப்பிப்பு: குவைத் தடுப்பு நிலையத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் இருந்த சித்தி

குவைத்துக்கு வேலைக்குப் போன சித்தி தடுப்பு நிலையத்தில், பாஸ்போர்ட் முதலாளி வீட்டில் மாட்டிக்கொண்டது, ஹட்டனிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். சித்தி வந்துட்டாங்க. எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, வெளிநாட்டமைச்சின் கண்டி கொன்சியூலர் அலுவலகத்துக்குப் போகச் சொன்ன யோசனைதான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணில் முறைப்பாடு பதியலாம், பதியவும் வேண்டும். ஆனால் ஆளை விமானம் ஏற்றுவது தூதரகம் தரும் தற்காலிகக் கடவுச்சீட்டு. அதற்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இங்கிருந்து போக வேண்டும்.

எதிர்பாராத இழுபறி பெயரில். சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கிறது, அட்டையில் இல்லவே இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பதிவுகளில் இது சர்வசாதாரணம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி (affidavit) முடித்து, கேட்கும்வரை காத்திராமல் சேர்த்தே அனுப்புங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலும் குடிவரவு அதிகாரிகள் விசாரித்தார்கள். அழைக்கப் போகிறவர் அதே பிரதிகளைக் கையில் வைத்திருக்கட்டும். வருகிறவருக்கு ஸ்வெட்டரும் கொண்டுபோங்கள், அவர் பெட்டி குவைத்திலேயே நின்றுவிடும், மலையகத்தில் குளிர்.